கழிப்பிட எலியும் களஞ்சிய எலியும்... சீனாவுக்கு ஒரே எழுத்து தந்த லி சி-யின் கதை!

சூ நாட்டில் ஷாங்சாய் என்றொரு ஊர். இன்றைய சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கிறது. சுமார் 2,250 வருஷத்துக்கு முன்னால், அந்த ஊர் அரசாங்க அலுவலகத்தில் ஓர் இளைஞர் கீழ்மட்ட குமாஸ்தாவாக வேலை பார்த்தார். கழிப்பிடத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே சில எலிகளைப் பார்ப்பார். நோஞ்சான் எலிகள். அசிங்கத்தைத் தின்றுகொண்டு, ஆள் வந்தாலும் நாய் வந்தாலும் பதறிப்போய் ஓடும். இன்னொரு நாள் தானியக் களஞ்சியத்துக்குள் போனால் அங்கேயும் எலிகள். ஆனால், இவை கொழுகொழுவென்று, பெரிய கூரைக்குக் கீழே, எவருக்கும் பயப்படாமல் தின்றுகொண்டிருந்தன.

இரண்டும் எலிதான். இருக்கிற இடம்தான் வேறு. மனுஷனுக்கும் இதே கதைதான் என்று அந்தக் குமாஸ்தாவுக்கு அன்று பட்டது. வேலையை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் பெயர் லி சி. பின்னாளில் சீனாவின் முதல் பேரரசருக்கு வலதுகையாக இருந்தவர். இன்று நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே எழுத்து முறையில் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்றால், அதன் ஆரம்பப் புள்ளிகளில் முக்கியமானவர் இவர்தான்.

இந்த எலிக்கதை உட்பட அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர் இறந்து சுமார் நூறு வருஷம் கழித்து வரலாறு எழுதிய சிமா சியென் சொன்னது. அவருக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

வேலையை விட்ட லி சி நேராகப் போனது ஷுன்சி என்ற பெரிய தத்துவ ஆசிரியரிடம். அங்கே அவரோடு படித்தவர்களில் ஒருவர் ஹான் ஃபெய். ஹான் நாட்டு ராஜ குடும்பத்துப் பிள்ளை. திக்குவாய். ஆனால், எழுத உட்கார்ந்தால் அவருக்கு நிகர் கிடையாது. தான் அவருக்கு ஈடில்லை என்று லி சி-யே நினைத்ததாகச் சொல்கிறார்கள். (இந்த ஹான் சிறிய நாடு. பின்னால் வரப்போகிற ஹான் வம்சம் வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோல இருக்கும். சீன எழுத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.)

அப்போது சீனா என்று ஒரே நாடு கிடையாது. ஏழு பெரிய நாடுகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. எந்த நாடு ஜெயிக்கும் என்று கணக்குப் போட்ட லி சி, சொந்த நாடான சூ-வை விட்டுவிட்டு, மேற்கே இருந்த சின் நாட்டைத் தேர்ந்தெடுத்தார். கி.மு. 247-ல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ராஜா அப்போதுதான் இறந்திருந்தார். சிம்மாசனத்தில் ஏறியது யிங் ஜெங் என்கிற 13 வயதுப் பையன். நிர்வாகம் முழுக்க லூ புவெய் என்ற அமைச்சர் கையில். அவரிடம் சேர்ந்து, அவர் வழியாக அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்தார் லி சி. களஞ்சியத்தின் வாசலுக்கு வந்தாயிற்று.

கி.மு. 237-ல் அந்த வாசலே மூடிக்கொள்ளப் பார்த்தது. ஹான் நாட்டிலிருந்து வந்த ஜெங் குவோ என்ற நீர்ப்பாசன நிபுணர், சின் நாட்டுக்குப் பெரிய கால்வாய் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். சின் நாட்டின் ஆளையும் பணத்தையும் மண்ணில் கொட்டவைத்து, போருக்குப் போகவிடாமல் செய்வதற்காக அவரை அனுப்பியதே ஹான் நாடுதான் என்ற குட்டு உடைந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் துரத்து என்று உத்தரவு போட்டுவிட்டார் ராஜா. துரத்தப்பட்டவர்கள் பட்டியலில் லி சி-யும் இருந்தார்.

அவர் கெஞ்சவில்லை. ஒரு மனு எழுதினார். சின் நாடு இவ்வளவு தூரம் வளர்ந்ததே வெளியூர் ஆட்களால்தானே. ராஜா ஆசையாக அணிகிற ரத்தினமும் முத்தும், கேட்கிற சங்கீதமும், ஏறுகிற குதிரையும் வெளியிலிருந்து வந்தவைதானே. அதையெல்லாம் வைத்துக்கொண்டு மனிதர்களை மட்டும் ஏன் துரத்த வேண்டும் என்று அடுக்கடுக்காக வாதாடியது அந்த மனு. படித்த ராஜா உத்தரவையே வாபஸ் வாங்கினார். (கால்வாயும் தொடர்ந்து வெட்டப்பட்டு, சின் நாட்டை வளமாக்கியது தனிக்கதை.) நல்ல உரைநடைக்கு உதாரணமாக அந்த மனுவைச் சீனாவில் இன்றும் படிக்கிறார்கள். லி சி-யைத் தூக்கி நிறுத்தியது கத்தியில்லை, எழுத்து.

அடுத்து வருகிற சம்பவம் அவருக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அதற்கும் எழுத்துதான் காரணம். ஹான் ஃபெய் எழுதிய கட்டுரைகள் எப்படியோ சின் ராஜாவின் கைக்குப் போயின. எழுதியவரைப் பார்க்காமல் இருக்க முடியாது என்ற அளவுக்கு ராஜா மயங்கிவிட்டார். கி.மு. 233-ல் ஹான் நாட்டுத் தூதராக ஹான் ஃபெய் வந்து சேர்ந்தார். பழைய வகுப்புத் தோழன் அரண்மனையில் வந்து உட்கார்ந்தால் தன் இடம் என்னவாகும் என்று லி சி பயந்தார். இவர் எப்போதும் ஹான் நாட்டுக்குத்தான் விசுவாசமாக இருப்பார் என்று ராஜாவின் காதில் போட்டார். ஹான் ஃபெய் சிறைக்குப் போனார். அங்கே அவருக்கு விஷத்தை அனுப்பிவைத்தவரும் லி சி-தான். ராஜா மனம் மாறி ஆள் அனுப்பியபோது ஹான் ஃபெய் உயிரோடு இல்லை.

ஒரு குதிரை, ஏழு எழுத்து

கி.மு. 221-ல் ஏழு நாடுகளும் ஒன்றாயின. யிங் ஜெங் தன்னை முதல் பேரரசர், அதாவது சின் ஷி ஹுவாங் என்று அறிவித்துக்கொண்டார். ஜெயித்த நிலத்தை எப்படி ஆள்வது? தூரத்துப் பகுதிகளை இளவரசர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்பது அமைச்சர்கள் பலரின் யோசனை. அப்போது நீதித்துறைத் தலைவராக இருந்த லி சி மட்டும் எதிர்த்தார். பிரித்துக் கொடுத்தால் பேரன் காலத்தில் மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். பேரரசர் அவர் பக்கம் நின்றார். நாடு 36 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தலைநகர் ஷியென்யாங்கிலிருந்து அனுப்பப்படும் அதிகாரிகளால் ஆளப்பட்டது.

இங்கேதான் எழுத்து குறுக்கே வந்தது. தலைநகரில் எழுதுகிற உத்தரவை ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற அதிகாரி படித்தால்தானே ஆட்சி? ஷாங் வம்சத்தில் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் குறி கேட்பதற்காகக் கீறிய எழுத்து, அடுத்து வந்த ஜோவ் வம்சத்தில் வெண்கலப் பாத்திரங்களில் ஏறியது. ஜோவ் ராஜாக்களின் பிடி தளர்ந்த பிறகு, ஒவ்வொரு நாடும் அதைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டது. குதிரை என்ற ஒரே சொல்லை ஏழு நாட்டிலும் ஏழு மாதிரி எழுதினார்கள். நமக்கு இது கையெழுத்து வித்தியாசம் மாதிரித் தோன்றலாம். ஆனால், சீன எழுத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வழக்கம் கிடையாது. ஒரு சொல்லுக்கு ஓர் உருவம். அந்த உருவம் தெரியாவிட்டால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும்.

சின் நாட்டு எழுத்தோடு ஒத்துப்போகாத எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்று லி சி பரிந்துரைத்தார். மிச்சம் இருந்த வடிவம்தான் சிறு முத்திரை எழுத்து. நெட்டையான உருவம், ஒரே தடிமனில் ஓடும் கோடு, வளைவுகள், இடமும் வலமும் சமமாக நிற்கும் அமைப்பு. பார்க்க ரொம்ப அழகு. இதை லி சி ஏதோ ஓர் இரவில் கண்டுபிடித்துவிடவில்லை. சின் நாட்டில் ஏற்கெனவே வளர்ந்துவந்த எழுத்தை ஒழுங்குபடுத்தி, இதுதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்று கோடு கிழித்தார்.

உத்தரவு போட்டால் மட்டும் போதுமா? பாடப்புத்தகம் வேண்டுமே. மூன்று புத்தகங்கள் எழுதப்பட்டன. ஒன்றை எழுதியவர் லி சி; எழுத்தைக் கண்டுபிடித்ததாகப் புராணம் சொல்கிற, நான்கு கண்கள் கொண்ட சாங்ஜியேயின் பெயரில் ஆரம்பிக்கிற பாடம் அது. இரண்டாவதை எழுதியவர் ஹூவூ ஜிங். மூன்றாவதை எழுதியவர், அரண்மனை அதிகாரி ஜாவ் காவ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், வில்லன் வந்தாயிற்று.

புது எழுத்து பரவிய இன்னொரு வழிதான் எனக்குப் பிடித்தது. எழுத்தோடு சேர்த்து எடைக்கல், அளவுப் படி, வண்டி அச்சின் அகலம் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள் இல்லையா... அந்த எடைக்கற்களிலும் படிகளிலும் பேரரசரின் 40 எழுத்து ஆணை பொறிக்கப்பட்டது. ஒரு சந்தை வியாபாரி தானியம் அளக்கும்போதெல்லாம் அவர் கண்ணெதிரே பேரரசின் எழுத்து. அருங்காட்சியகங்களில் இன்றும் அந்த வெண்கலக் கற்களைப் பார்க்கலாம். பேரரசர் நாடு சுற்றக் கிளம்பியபோது, மலைகளில் கல்வெட்டுகள் நிறுத்தப்பட்டன. கி.மு. 219-ல் ஷாண்டோங்கின் தாய் மலையில் நிறுத்தியது அதில் புகழ்பெற்றது. அந்தக் கல்வெட்டுகளின் எழுத்து லி சி-யின் கையெழுத்து என்பது சீனாவில் காலம் காலமாக இருக்கிற நம்பிக்கை.

மனுஷன் அதோடு நின்றிருக்கலாம். கி.மு. 213-ல் அரண்மனை விருந்து ஒன்றில், பழைய முறைப்படி இளவரசர்களுக்கு நிலம் கொடுப்பதுதான் நல்லது என்று ஓர் அறிஞர் பேசினார். அப்போது தலைமை அமைச்சராக இருந்த லி சி-க்குக் கோபம் வந்தது. பழைய புத்தகங்களைப் படித்துவிட்டு இப்போதைய ஆட்சியைக் குறை சொல்கிறார்கள் என்றால், புத்தகத்தை எரித்துவிடலாமே! மருத்துவம், குறி சொல்லுதல், விவசாயம், சின் நாட்டு வரலாறு தவிர மக்களிடம் இருக்கிற பழைய கவிதை, வரலாறு, தத்துவ நூல்கள் எல்லாம் தீக்கு. 30 நாளில் ஒப்படைக்காதவர்களுக்கு முகத்தில் பச்சை குத்தி, கட்டாய உழைப்பு. அரசவை அறிஞர்களிடம் இருந்த பிரதிகளுக்கு மட்டும் விலக்கு. எல்லோரும் ஒரே எழுத்தில் எழுத வேண்டும் என்று ஆரம்பித்தவர், எல்லோரும் ஒரே மாதிரி யோசிக்க வேண்டும் என்பதில் வந்து நின்றார். இரண்டையும் செய்தது ஒரே ஆள் என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமில்லை.

அந்தக் காலகட்டத்தில் அவர் வீட்டில் ஒரு விருந்து. மூத்த மகன் லி யோ ஒரு மாவட்டத்தின் ஆளுநர். மகன்களெல்லாம் பேரரசரின் மகள்களைக் கட்டியிருந்தார்கள். மகள்களெல்லாம் பேரரசரின் மகன்களை. வாசலில் ஆயிரத்துக்கும் மேல் வண்டிகள் நின்றனவாம். அதைப் பார்த்து லி சி பெருமூச்சு விட்டார். எதுவும் அளவுக்கு மீறிப் போகக் கூடாது என்று ஆசிரியர் ஷுன்சி சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஷாங்சாயின் தெருவில் திரிந்த சாதாரண ஆள், இதைவிட மேலே போக இடமில்லை. இனி இறக்கம்தான் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் களஞ்சியத்தை விட்டு வெளியே வர மனசு வரவில்லை.

உப்புக்கருவாடும் ஒரு போலிக் கடிதமும்

கி.மு. 210. சுற்றுப்பயணத்தில் இருந்த பேரரசர் ஷாசியோ என்ற இடத்தில் இறந்துபோனார். சாகும் முன், வடக்கு எல்லையில் தளபதி மெங் தியானோடு இருந்த மூத்த மகன் ஃபூசூவுக்கு, தலைநகருக்கு வந்து ஈமக்கடனை நடத்தும்படி ஒரு கடிதம் தயாரானது. முத்திரை வைத்தாயிற்று. அனுப்பவில்லை. அது ஜாவ் காவ் கையில் இருந்தது. சின்ன மகன் ஹூஹாயைப் பட்டத்தில் ஏற்றிவிட ஜாவ் காவுக்கு ஆசை. ஆனால், தலைமை அமைச்சர் ஒத்துக்கொள்ளாமல் நடக்காது.

முதலில் லி சி மறுத்தார். ஜாவ் காவ் நேராகப் பயத்தில் கை வைத்தார். ஃபூசூ பட்டத்துக்கு வந்தால் மெங் தியான்தான் தலைமை அமைச்சர். உங்கள் கதி என்ன? லி சி அழுதார். அப்புறம் தலையாட்டினார்.

நிஜக் கடிதம் காணாமல் போனது. அதற்குப் பதில், ஃபூசூ தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு போலிக் கடிதம், அதே பேரரசு முத்திரையோடு வடக்கே போனது. ஃபூசூ சந்தேகப்படாமல் உயிரை விட்டார். கோடை வெயிலில் பேரரசரின் உடல் வண்டியிலேயே நாற ஆரம்பித்ததால், வாடையை மறைக்க உப்புக்கருவாட்டை வண்டிகளில் ஏற்றி ஊர்வலம் தலைநகருக்குத் திரும்பியது. தலைநகரில் எழுதுவதை நாட்டின் எந்த மூலையிலும் நம்பிப் படிக்க வேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், அந்த நம்பிக்கையை வைத்தே ஓர் இளவரசனைக் கொல்ல உடந்தையானார்.

இது சிமா சியென் சொல்லும் கதை. 2009-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த ஹான் காலத்து மூங்கில் பட்டைகளில் வேறொரு கதை இருக்கிறது. அதன்படி, ஹூஹாயைப் பேரரசரே வாரிசாக ஏற்றுக்கொண்டார், சதியே இல்லை. இரண்டில் எது நிஜம் என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். லி சி-யின் முடிவு மட்டும் இரண்டிலும் மரணம்தான்.

ஹூஹாய் பட்டத்துக்கு வந்த அடுத்த வருஷமே, கி.மு. 209-ல், நாடெங்கும் கலகம். ஜாவ் காவுக்கு இனி லி சி தேவையில்லை. புதுப் பேரரசர் பெண்களோடு விருந்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, இப்போது போனால் பேசலாம் என்று லி சி-க்குச் சொல்லி அனுப்புவார். இவரும் போய் வாசலில் நிற்பார். பேரரசருக்கு எரிச்சல். இப்படியே சில முறை. கடைசியில், மகன் லி யோ கலகக்காரர்களோடு கூட்டு என்று பழி போட்டு, அப்பாவைச் சிறையில் தள்ளினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடி. தாங்க முடியாமல் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சிறையிலும் அவர் நம்பியது எழுத்தைத்தான். வெளிநாட்டுக்காரர்களைத் துரத்தியபோது ஒரு மனு காப்பாற்றியதே, இதுவும் காப்பாற்றும் என்று நினைத்தார். பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் செய்த குற்றங்கள் ஏழு என்று பட்டியல் போட்டார். ஆறு நாடுகளைச் சேர்த்தது ஒரு குற்றம், சாலை போட்டது ஒரு குற்றம் என்று, தன் சாதனைகளையே குற்றமாக அடுக்கினார். அளவுகளையும் எழுத்தையும் ஒன்றாக்கி நாடெங்கும் பரப்பியது அதில் ஐந்தாவது. கடிதம் ஜாவ் காவ் கைக்குப் போனது. கைதிக்கு மனு எழுத உரிமை ஏது என்று சொல்லித் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். பேரரசர் அதைப் பார்க்கவே இல்லை.

அதோடு விடவில்லை ஜாவ் காவ். தன் ஆட்களையே அரசு விசாரணை அதிகாரிகள் மாதிரி வேஷம் போட்டு அனுப்பினார். லி சி உண்மையைச் சொல்லும்போதெல்லாம் அடி விழும். கடைசியில் பேரரசர் நிஜமாகவே ஆள் அனுப்பியபோது, இதுவும் அதே நாடகம்தான் என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

கி.மு. 208-ல் ஷியென்யாங் சந்தையில் அவரை இடுப்போடு வெட்டிக் கொன்றார்கள். கூடவே நடு மகன். மொத்தக் குடும்பமும் அழிக்கப்பட்டது. வெட்டும் இடத்துக்குப் போகும் வழியில் மகனைத் திரும்பிப் பார்த்து, பழையபடி நம்ம மஞ்சள் நாயைக் கூட்டிக்கொண்டு ஷாங்சாயின் கிழக்கு வாசல் வழியாக முயல் பிடிக்கப் போக முடியுமா என்று ஏங்கினாராம். இருவரும் அழுதார்கள். அடுத்த வருஷம் ஜாவ் காவும் கொல்லப்பட்டார். கி.மு. 206-ல் சின் பேரரசே இல்லை. ஒன்றாக்கி 15 வருஷம்தான்.

குமாஸ்தாக்கள் ஜெயித்த கதை

அவர் கொண்டுவந்த எழுத்து என்ன ஆச்சு? 1975-ல் ஹூபே மாகாணத்தின் ஷுய்ஹூடி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217-ல் இறந்த சின் அரசு எழுத்தர் ஒருவருடையது. உடலைச் சுற்றி 1,100-க்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள். நிறைய சட்டங்கள், வழக்குக் குறிப்புகள். லி சி உச்சத்தில் இருந்த காலத்து அரசாங்கக் காகிதம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால், அதில் இருப்பது அவருடைய சிறு முத்திரை எழுத்து இல்லை. வளைவுகளை உடைத்து நேராக்கி, தூரிகையை வேகமாக இழுத்து எழுதிய எழுத்து. நாள் பூரா கணக்கும் வழக்கும் எழுதுகிற குமாஸ்தாவுக்கு, அந்த அழகான வளைவுகளைப் போட்டுக்கொண்டிருக்க நேரமேது? மலையில் ஓர் எழுத்து, மேஜையில் ஓர் எழுத்து. இந்த இரண்டாவதைத்தான் குமாஸ்தா எழுத்து என்கிறார்கள். அடுத்து வந்த ஹான் வம்சத்தில் இதுவே நாட்டின் எழுத்தானது. இன்றைய சீன எழுத்து வளர்ந்தது இந்தக் கிளையிலிருந்துதான்.

அப்படியானால் லி சி தோற்றுவிட்டாரா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மற்ற ஆறு நாட்டு வடிவங்கள் திரும்பி வரவே இல்லை. குமாஸ்தாக்கள் வேகமாக எழுதிச் சிதைத்ததும் சின் நாட்டு எழுத்தைத்தான். 2002-ல் ஹூனான் மாகாணத்தின் லியே என்ற இடத்தில் ஒரு பழைய கிணற்றிலிருந்து சின் காலத்து ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அதில் ஒரு மரப்பலகை, இனி எந்தச் சொல்லுக்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. நாட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன அலுவலகம் வரைக்கும் அந்த உத்தரவு போயிருக்கிறது!

ஹான் வம்சத்துக்காரர்கள் சின் ஆட்சியைத் திட்டாத நாளில்லை. ஆனால், அந்த மூன்று பாடப்புத்தகங்களையும் கிராமத்து வாத்தியார்கள் ஒன்றாகச் சேர்த்து, 55 பாடம், பாடத்துக்கு 60 எழுத்து என்று 3,300 எழுத்தாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கி.பி. 100-ல் ஷூ ஷென் என்ற அறிஞர் ஓர் அகராதியை முடித்தார். ஷுவோவென் ஜியேசி என்று பெயர். 9,353 எழுத்துகள், 540 பிரிவுகள். ஒவ்வொரு எழுத்துக்கும் தலைப்பில் அவர் போட்டது சிறு முத்திரை வடிவம். அது மட்டும் இல்லாவிட்டால் லி சி-யின் எழுத்தைப் படிப்பது இன்று இன்னும் கடினமாக இருந்திருக்கும். ஷூ ஷென்னின் சொந்த ஊர் ரூனான் மாவட்டம். லி சி-யின் ஷாங்சாயும் ஹான் காலத்தில் அதே மாவட்டம்தான்.

சீனாவிலும் ஜப்பானிலும் இன்றும் சொந்த முத்திரைகளை இந்த எழுத்தில் செதுக்குகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரைந்த சின்னங்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சீரான, வளைந்த கோடுகள் முத்திரை எழுத்தைப் பார்த்து வரைந்தவைதான்.

தாய் மலைக் கல்வெட்டின் மிச்சம், இப்போது மலையடிவாரத்தில் தாய்ஆன் நகரத்தின் தாய் கோயிலில் இருக்கிறது. 1740-ல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு காணாமல் போய், 1815-ல் ஒரு குளத்திலிருந்து எடுத்த துண்டுகள். கி.மு. 209-ல், பேரரசர் இறந்த பிறகு ஹூஹாயோடு அங்கே வந்த லி சி-யும் மற்ற அமைச்சர்களும் வைத்த வேண்டுகோளின் பகுதி அது. மொத்தம் 10 எழுத்துகள். ஏழு முழுசாக இருக்கின்றன, மூன்று சிதைந்துவிட்டன. சிதைந்த மூன்றில் ஒன்று, சி என்கிற அவருடைய பெயர். மற்ற இரண்டும், பேரரசரிடம் எதையாவது கேட்கும்போது அமைச்சர்கள் மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்கிற சொல்: உயிரைப் பணயம் வைத்து.